ஃப்ரீவே சிமுலேஷனுக்குப் பயணத் தேவையைக் கணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீவேக்கு, அதாவது குறுக்குச் சந்திப்பு இல்லாத விரைவுச் சாலைக்கு, சிமுலேஷன் மாடல் (வண்டி ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி) கட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டி பாசடீனா வழியாகப் போகும் ஐ-210 அடிக்கடி வரும். ஃப்ரீவேயில் வண்டி ஏறும் வழியை ஏறு ராம்ப் என்றும், இறங்கும் வழியை இறங்கு ராம்ப் என்றும் எழுதுகிறேன். கொள்ளளவு குறைந்து வண்டிகள் தேங்கும் இடத்தை எல்லோரும் சொல்வது போல பாட்டில்நெக் என்றே விட்டுவிடுகிறேன்.

தேவையும் எண்ணிக்கையும் ஒன்றுதானே? எத்தனை வண்டி போகிறது என்று எண்ணினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டு, அரிசிப் பையோடு வெளியே வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கும் 40, பதினொரு மணிக்கும் 40. அந்த 40 என்பது எடை போடுகிறவரின் வேகம். தெருமுனை வரை நீண்டிருக்கும் வரிசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எத்தனை பேர் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

ஃப்ரீவேயிலும் இதேதான். பாட்டில்நெக்கில் இருக்கும் கருவி எண்ணுவது அந்த இடம் வெளியே விடும் அளவை. அந்த நேரத்தில் அங்கே போய்ச் சேர நினைத்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு எண். அதுதான் தேவை. நெரிசல் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நெரிசல் தொடங்கிய நிமிடத்திலிருந்து பிரிந்துவிடும். நாம் சிமுலேஷன் செய்வதே நெரிசலைப் புரிந்துகொள்ளத்தான். ஆக, நமக்கு வேண்டிய நேரத்தில்தான் எண்ணிக்கை நம்மை ஏமாற்றுகிறது.

நெரிசல் நேரத்து எண்ணிக்கையையே மாடலுக்குள் போட்டால் என்ன ஆகும்?

நெரிசல் காணாமல் போய்விடும்.

மூன்று லேன் உள்ள ஒரு பாட்டில்நெக் மணிக்கு 5800 வண்டிகளை வெளியே விடுகிறது என்று வையுங்கள். அங்கே எண்ணினால் உச்ச நேரம் முழுவதும் 5800தான் வரும். அதையே தேவை என்று மாடலுக்குக் கொடுத்தால், 5800 வண்டி வரும், 5800 வண்டி போகும், வரிசையே உருவாகாது. நிஜத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஊர்ந்து கிடக்கும் சாலை, திரையில் முழு வேகத்தில் ஓடும்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் நானே அதைச் செய்திருக்கிறேன். நெரிசல் வரவில்லையே என்று, ஓட்டுநர் நடத்தையைத் தீர்மானிக்கும் எண்களில் கை வைத்தேன். முன் வண்டிக்கு விடும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன், லேன் மாறும்போது தயங்கும் நேரத்தைக் கூட்டினேன். பாட்டில்நெக்கின் கொள்ளளவு குறைந்தது, வரிசை வந்தது, வேக வரைபடம் களத்தைப் போலவே தெரிந்தது. எல்லோருக்கும் திருப்தி. அப்புறம் அதே மாடலில் ஒரு லேன் கூட்டிச் சோதித்தபோது பலன் மிகப் பெரிதாக வந்தது. காரணம் எளிது: உள்ளே வரவேண்டிய வண்டிகள் மாடலில் கிடையாது, இருந்த வண்டிகளும் தேவைக்கு அதிகமாக இடைவெளி விட்டு ஓடின. அந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. தேவையில் உள்ள பிழையை ஓட்டுநர் தலையில் கட்டாதீர்கள். தேவை சரியாகும் வரை நடத்தை எண்களைத் தொடுவதே இல்லை என்று இப்போது வைத்திருக்கிறேன்.

அப்படியானால் நிஜத் தேவையை எங்கிருந்து எடுப்பது?

வரிசையின் வால் எட்டாத இடத்திலிருந்து. பாட்டில்நெக்குக்கு மேலே (மேலே என்றால் வண்டிகள் வரும் பக்கம், கீழே என்றால் போகும் பக்கம்), நெரிசல் எவ்வளவு நீண்டாலும் அதற்கும் பின்னால், வண்டிகள் இன்னும் முழு வேகத்தில் வரும் இடத்துக் கருவியைத் தேடிப் பிடியுங்கள். நடுவில் ராம்ப் இருந்தால் ஏறுவதைக் கூட்டி, இறங்குவதைக் கழித்து, அங்கிருந்து பாட்டில்நெக் வர ஆகும் நேரத்தைத் தள்ளிப் பாருங்கள்.

கணக்கு இப்படிப் போகும். இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள். மேல்பக்கக் கருவியில் கால் மணிக்கு ஒருமுறை எண்ணியது: 6:15 முதல் 6:30 வரை 1450, அடுத்து 1600, 1650, 1500, 1250, 1150. பாட்டில்நெக் கால் மணிக்கு 1450 மட்டுமே விடும். 6:30 வரை வரிசை இல்லை. 6:45-க்கு 150 வண்டி தேங்கும். 7:00-க்கு 350. 7:15-க்கு 400. அதன்பின் வரத்து குறைகிறது, 7:30-க்கு 200, சுமார் 7:40-க்கு வரிசை தீர்ந்துவிடும்.

இப்போது 6:45 முதல் 7:00 வரையிலான கால் மணியை மட்டும் பாருங்கள். தேவை மணிக்கு 6600 என்ற வீதத்தில் இருந்தது. பாட்டில்நெக் கருவி காட்டியதோ 5800. அதே போல 7:15 முதல் 7:30 வரை தேவை 5000-ஆக இறங்கியிருக்க, கருவி இன்னும் 5800 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது எண்ணிக்கை எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் குறைத்துக் காட்டும், பிறகு கூட்டிக் காட்டும். உச்சத்தை மழுக்கி, நேரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இதை வரைந்து பார்ப்பது இன்னும் நல்லது. வந்தவற்றின் மொத்தக் கூட்டலை ஒரு கோடாகவும், போனவற்றின் மொத்தக் கூட்டலை இன்னொரு கோடாகவும் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் உயரம் வரிசையின் நீளம், கிடையாக இருக்கும் தூரம் ஒரு வண்டிக்கு ஆன தாமதம், நடுப் பரப்பு மொத்தத் தாமதம். பெர்க்லியில் இருந்த கோர்டன் நியூவெல் 1993-ல் எழுதிய மூன்று கட்டுரைகள் இந்தக் கோடுகளை வைத்தே ஃப்ரீவே ஓட்டத்தின் அலைக் கோட்பாட்டை எளிமையாக்கின. மென்பொருள் எதையும் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இந்த இரண்டு கோடுகளையும் போட்டுப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் பிறகு பல நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

ஒரு கருவியின் எண் தேவையா, வெறும் எண்ணிக்கையா என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

முடியும், வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால். ஒரு லேனில் மணிக்கு 1500 வண்டி என்பது நல்ல ஓட்டத்திலும் வரும், கடும் நெரிசலிலும் வரும். வேகம் 100 கிலோமீட்டர் என்றால் அந்த 1500 அங்கே வந்தவர்களின் எண். வேகம் 30 என்றால் அது கீழே எங்கோ இருக்கும் பாட்டில்நெக் விட்ட பங்கு.

வேகம் தெரியாவிட்டால் ஆக்குபன்சியைப் பாருங்கள். கருவியின் மேல் வண்டி இருந்த நேரம் மொத்த நேரத்தில் எத்தனை விழுக்காடு என்பதே அது. ஓட்டம் கூடாமல் ஆக்குபன்சி மட்டும் எகிறினால் வரிசை அந்த இடத்தை எட்டிவிட்டது என்று பொருள்.

லூப் கருவிகள் தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

நம்பலாம், சரிபார்த்த பிறகு.

லூப் என்பது சாலையில் சுமார் 1.8 மீட்டர் சதுரமாக வெட்டிய ஒரு மெல்லிய பள்ளத்தில் சுற்றிய கம்பி. வெட்டிய இடத்தின் மேல் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஒவ்வொரு லேனிலும் அந்தக் கறுப்புச் சதுரம் தெரியும். மேலே உலோகம் போனால் கம்பியின் மின்தூண்டல் மாறும், ஓரத்தில் இருக்கும் பெட்டி அதை ஒரு வண்டி என்று பதியும். கனமான லாரிகள் ஏறி ஏறித் தார் பிளந்தால் கம்பி அறுந்துவிடும். அப்போது அந்த லேன் பூஜ்யம் காட்டும், அல்லது நாள் முழுக்க ஒரே எண்ணைக் காட்டும். இவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். சிக்கல் தருவது, நூற்றில் இரண்டு மூன்று வண்டியைத் தவறவிட்டுக்கொண்டு மற்றபடி நன்றாக இருப்பது போலத் தெரியும் லூப்தான்.

கலிபோர்னியாவில் பெம்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. பெர்க்லியில் பிரவீண் வரையாவின் குழு மாநிலப் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து உருவாக்கியது. ஏறத்தாழ 40,000 கருவிகளிலிருந்து 30 விநாடிக்கு ஒருமுறை வரும் தரவை வாங்கி, ஐந்து நிமிடத் தொகுப்பாக்கி, எந்த லூப் நலமாக இருக்கிறது, எது பழுது என்றும் சொல்லிவிடுகிறது. ஆனால் பழுதான லூப்பின் இடத்தில் அது தானே நிரப்பிய எண்ணும் இருக்கும். ஒரு நிலையத்தை (ஓரிடத்தில் எல்லா லேனிலும் உள்ள லூப்களின் தொகுப்பை) எடுக்கும்போது எத்தனை விழுக்காடு உண்மையில் அளந்தது, எவ்வளவு நிரப்பியது என்ற பத்தியைப் பார்க்காமல் தரவிறக்காதீர்கள்.

அப்புறம் ஒரு கூட்டல் கழித்தல். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ளே போனவை எல்லாம் ஒரு நாளைக்குள் வெளியே வந்தாக வேண்டும். மணிக்கு 8000 வண்டி போகும் இடத்தில் லூப் 2 விழுக்காடு தவறவிட்டால் மணிக்கு 160 வண்டி, மூன்று மணி நேரத்தில் 480. மேலே நாம் போட்ட கணக்கில் உச்ச வரிசையே 400தான்! வரிசையை விடப் பெரிய பிழையை வைத்துக்கொண்டு வரிசையைக் கணக்கிட முடியாது. அதனால் நெரிசல் இல்லாத நேரங்களில் இரண்டு நிலையங்களையும் ஒப்பிட்டு, விகிதத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு நெரிசல் நேரத்துக்கு வாருங்கள்.

ராம்ப்களில் கருவியே இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலான இடங்களில் நிலைமை இதுதான். மெயின் லைனில் (ராம்ப் அல்லாத முதன்மைச் சாலையில்) லூப் நன்றாக இருக்கும், ராம்ப்பில் இருக்காது. மேலும் கீழும் உள்ள நிலையங்களின் வித்தியாசத்திலிருந்து ராம்ப் ஓட்டத்தை ஊகிக்கலாம். ஆனால் ஒரு ஏறு ராம்ப்பும் ஒரு இறங்கு ராம்ப்பும் நடுவில் இருந்தால் வித்தியாசம் மட்டுமே தெரியும், இரண்டும் தனித்தனியாக எவ்வளவு என்று தெரியாது. பெர்க்லியில் அஜித் முரளீதரனும் ராபர்ட்டோ ஹொரோவிட்ஸும் 2009-ல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். சாலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஓட்டத்தைக் கணக்கிடும், கார்லோஸ் டகன்ஸோவின் செல் டிரான்ஸ்மிஷன் மாடலை ஓட்டி, மெயின் லைனில் அளந்த அடர்த்தியும் ஓட்டமும் மாடலில் அப்படியே வரும் வரை ராம்ப் எண்களைத் திரும்பத் திரும்பத் திருத்துவது. நல்ல முறை. ஆனாலும் முக்கியமான நாலைந்து ராம்ப்களுக்காவது ஒரு காலை ஆளை அனுப்பிக் கையால் எண்ணிவிடுங்கள். பெரிய செலவில்லை.

ஏறு ராம்ப்பில் மீட்டர் சிக்னல் இருந்தால்?

அங்கே இரண்டாவது வரிசை ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பச்சை விழுந்தால் ஒரு கார், அல்லது லேனுக்கு ஒரு கார் என்று விடும் அந்த சிக்னலைத் தாண்டிய இடத்து லூப் எண்ணுவது சிக்னல் விட்ட வீதத்தை. ராம்ப்பின் தேவை, அந்த வரிசையின் வாலுக்கும் பின்னால், பல நேரம் நகரத் தெருவிலேயே இருக்கும். ராம்ப்பின் நுழைவாயிலில் கருவி இருந்தால் அதை எடுங்கள். வரிசை தெருவுக்கு வந்துவிட்டால் தெருச் சந்திப்பில் திரும்பும் வண்டிகளை எண்ண வேண்டும்.

ஐ-210 மேற்குத் திசையில் 15 மைல் நீளத்துக்கு விசிம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் மாடல் கட்டியபோது கேப்ரியல் கோமஸ், அடால்ஃப் மே, ஹொரோவிட்ஸ் மூவரும் சந்தித்தது இது போன்ற இடத்தைத்தான். மீட்டர் வைத்த 20 ஏறு ராம்ப்கள், அவற்றில் சிலவற்றில் பலர் சேர்ந்து வரும் கார்களுக்கு சிக்னலைச் சுற்றிப் போகத் தனி வழி, மெயின் லைனில் அதே போன்ற கார்களுக்கென்று விட்டு விட்டுத் தடுப்பு உள்ள கார்பூல் லேன், வேறு ஃப்ரீவேயிலிருந்து வந்து சேரும் கனத்த இணைப்பு ஒன்று, ஒன்றையொன்று பாதிக்கும் மூன்று பாட்டில்நெக்குகள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கீழ் பாட்டில்நெக்கின் வரிசை மேல் பாட்டில்நெக்கை மூடிவிட்டால், மேலே இருப்பது வேலையே செய்யாதது போலத் தெரியும். கீழே சரிசெய்தவுடன் அது விழித்துக்கொள்ளும்.

மீட்டர் எண்ணிக்கையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) நடந்தது நல்ல சான்று. மாநில சட்டமன்றம் கேட்டதன் பேரில் 2000 அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை அங்கிருந்த சுமார் 430 ராம்ப் மீட்டர்களையும் அணைத்தார்கள். ஃப்ரீவேயில் ஓட்டம் சராசரியாக 9 விழுக்காடு குறைந்தது, பயண நேரம் 22 விழுக்காடு கூடியது, விபத்துகள் 26 விழுக்காடு கூடின. ஆய்வில் எடுத்த இணைச் சாலைகளில் ஓட்டம் பெரிதாக மாறவில்லை. இந்த எண்களை வைத்து, பயணம் செய்ய விரும்பியவர்கள் 9 விழுக்காடு குறைந்தார்கள் என்று சொல்ல முடியுமா? அதே ஊர், அதே வேலை, அதே பள்ளிக்கூடம். சாலையை நடத்தும் விதம் மாறியது, அதோடு எண்ணிக்கையும் மாறியது.

இறங்கு ராம்ப் எண்ணிக்கையாவது நேரடியாக எடுத்துக்கொள்ளலாமா?

நெரிசலுக்கு மேலே இருக்கும் இறங்கு ராம்ப் என்றால் எடுக்கலாம். நெரிசலுக்குள் இருந்தால், இறங்க வேண்டியவர்களும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணும் குறைவாகவே வரும். அங்கே எண்ணை விட விகிதம் நம்பகமானது: வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதை எடுத்து, கணித்த தேவையோடு பெருக்குங்கள்.

இறங்கும் விகிதம் போதுமா? ஓ-டி மேட்ரிக்ஸ் கட்டாயமா?

ஓ-டி மேட்ரிக்ஸ் என்பது எங்கே ஏறியவர் எங்கே இறங்குகிறார் என்ற அட்டவணை. வண்டிகளைத் தனித்தனியாகக் காட்டாத மேக்ரோ மாடலுக்கு விகிதம் போதும். வண்டி வண்டியாக ஓட்டும் மைக்ரோ மாடலுக்குப் போதாது. ஏன் என்று ஒரே ஒரு இடத்தை வைத்துக் காட்டுகிறேன்.

மெயின் லைனில் 5000 வண்டி வருகிறது. ஏறு ராம்ப்பில் 800 வண்டி சேர்கிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு எக்ஸிட், அதாவது இறங்கு ராம்ப். இரண்டு ராம்ப்களையும் இணைத்து ஒரு கூடுதல் லேன். எக்ஸிட்டில் 900 இறங்குகிறது, 4900 நேரே போகிறது. நான்கு எண்களும் களத்தில் சரியாக அளந்தவை.

முதல் சாத்தியம்: ராம்ப்பில் ஏறிய 800 பேரும் நேரே போகிறார்கள். மெயின் லைனிலிருந்து 900 பேர் இறங்குகிறார்கள். அந்தச் சில நூறு மீட்டரில் 800 பேர் இடது பக்கம், 900 பேர் வலது பக்கம் என்று 1700 வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும்.

இரண்டாவது சாத்தியம்: ராம்ப்பில் ஏறியவர்களில் 600 பேர் அடுத்த எக்ஸிட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள், கூடுதல் லேனை விட்டு நகரவே இல்லை. 200 பேர் இடது பக்கம் போகிறார்கள், மெயின் லைனிலிருந்து 300 பேர் வலது பக்கம் வருகிறார்கள். கடப்பது 500 வண்டிகள்.

நான்கு எண்ணிக்கைகளும் இரண்டிலும் அப்படியே பொருந்தும். முதலாவதில் அந்த இடம் பாட்டில்நெக் ஆகிவிடும், இரண்டாவதில் ஒன்றுமே நடக்காது. எண்ணிக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு ஊருக்குள் போகும் ஃப்ரீவேயில், அடுத்த எக்ஸிட்டுக்கே இறங்குகிறவர்கள் எவ்வளவு பேர் என்று உள்ளூர்க்காரரைக் கேட்டால்கூட உருப்படியான பதில் கிடைக்கும். ஆற்றுக்கோ ரயில் பாதைக்கோ குறுக்கே வேறு பாலம் இல்லையென்றால் ஃப்ரீவேயையே அந்தத் தெருப் பாலமாகப் பயன்படுத்துவார்கள்.

சரி, அந்த மேட்ரிக்ஸை எப்படிக் கணிப்பது?

மாறி மாறி வரும் 10 ஏறு ராம்ப், 10 இறங்கு ராம்ப் என்றால் 55 ஜோடிகள் உண்டு. கையில் இருப்பது 20 எண்ணிக்கை. தெரியாதவை அதிகம், சமன்பாடு குறைவு. அதனால் வெளியிலிருந்து ஏதாவது கொண்டுவந்தே ஆக வேண்டும். அதற்குப் பெயர் விதை மேட்ரிக்ஸ். பிராந்தியப் போக்குவரத்து மாடல் (ஒரு பகுதி முழுவதன் பயணங்களையும் கணிக்கும் மாடல்), நம்பர் பிளேட் படம்பிடிப்பு, ப்ளூடூத் கருவிகள், டோல் அட்டைகள், கைப்பேசித் தரவு என்று எங்கிருந்தும் வரலாம்.

விதையை எண்ணிக்கையோடு பொருத்தும் எளிய வழி ஃபர்னஸ் முறை. வரிசைகளை ஒரு முறை, பத்திகளை ஒரு முறை என்று மாற்றி மாற்றி விகிதப்படுத்திக்கொண்டே போனால் சில சுற்றுகளில் நின்றுவிடும். எக்செல்லில் செய்யலாம். இன்னும் முறையாக வேண்டுமானால் 1980-ல் வான் சைலனும் வில்லும்சனும் தந்த என்ட்ரபி முறை, 1984-ல் கஸ்கெட்டா தந்த பொதுமைப்படுத்திய குறைந்த வர்க்க முறை இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதில் எண்ணிக்கையை எவ்வளவு நம்புகிறோம், விதையை எவ்வளவு நம்புகிறோம் என்று எடை போட்டுச் சொல்லலாம். எனக்கு அதுவே பிடிக்கும், ஏனென்றால் நம் சந்தேகம் எங்கே இருக்கிறது என்பது எண்ணாகவே பதிவாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த முறைகள் எதற்கும் நெரிசல் நேரத்து எண்ணிக்கையை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன பிழையே கணிதப் போர்வை போர்த்திக்கொண்டு திரும்ப வரும். முதலில் கூட்டல் கோடுகள், பிறகு மேட்ரிக்ஸ்.

பிராந்திய மாடலில் தேவை இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

அந்த மாடல்களில் ஒரு சாலையின் ஓட்டம் அதன் கொள்ளளவை விட 1.3 மடங்கு என்று வரலாம். நிஜத்தில் அப்படி ஓட முடியாது. அது ஒரு வகையில் தேவையைத்தான் சொல்கிறது என்றாலும், மேலே உள்ள பாட்டில்நெக் பிடித்து நிறுத்தும் வண்டிகளையும் சேர்த்துக் கீழே கொட்டிவிடுகிறது. மூன்று நான்கு மணி நேரத்து மொத்தமாகவும் இருக்கும். எங்கிருந்து எங்கே என்ற வடிவத்துக்கு அதை நம்புங்கள், எந்தக் கால் மணியில் எத்தனை என்பதற்கு லூப்பை நம்புங்கள்.

எந்த நாளை எடுப்பது? பல நாள் சராசரி போட்டால் நல்லதல்லவா?

செவ்வாய், புதன், வியாழன் என்று எடுப்பது வழக்கம். ஆனால் சராசரி போடாதீர்கள். ஒரு நாள் 6:30-க்கு நெரிசல் தொடங்குகிறது, மறுநாள் 6:50-க்கு. இரண்டையும் சராசரி பார்த்தால் 6:30-க்கும் 6:50-க்கும் நடுவே வேகம் பாதியாக இருக்கும். அப்படி ஒரு நிலை இரண்டு நாளிலுமே இல்லை. எல்லா லூப்பும் வேலை செய்த, விபத்தோ மழையோ இல்லாத ஒரு நிஜ நாளைத் தேர்ந்தெடுத்து அதை முழுதாக எடுங்கள். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2019-ல் புதுப்பித்த வழிகாட்டியும், நாட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிஜ நாளைப் பிரதிநிதியாக எடுக்கச் சொல்கிறது.

எத்தனை நிமிட இடைவெளியில் தேவையைக் கொடுப்பது? எப்போது தொடங்குவது?

கால் மணி. ஐந்து நிமிடம் என்றால் தற்செயல் ஏற்றத்தாழ்வையும் தேவை என்று எடுத்துக்கொள்வோம், ஒரு மணி நேரம் என்றால் உச்சம் மறைந்துவிடும். நெரிசல் தொடங்குவதற்கு முன்பே தொடங்கி, கடைசி வரிசை தீர்ந்த பிறகே நிறுத்துங்கள். ஓட்டம் முடிந்ததும் மாடலின் வாசலுக்கு வெளியே உள்ளே நுழைய முடியாமல் எத்தனை வண்டி நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அதை ஒரு பிழைக் கோப்பில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அங்கே வண்டி நின்றால் மாடலின் எல்லையை இன்னும் மேலே தள்ள வேண்டும்.

ஜி.ஈ.எச் மதிப்பு 5-க்குக் கீழே வந்துவிட்டது. மாடல் சரிதானே?

ஜி.ஈ.எச் என்பது 1970-களில் லண்டனில் ஜெஃப்ரி ஹேவர்ஸ் உருவாக்கிய அளவு. மாடல் எண்ணுக்கும் களத்து எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 85 விழுக்காடு இடங்களில் 5-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது பரவலாக வழங்கும் விதி.

நம் பழைய எடுத்துக்காட்டுக்கே வாருங்கள். 5800 தேவை கொடுத்து, நெரிசலே இல்லாமல் 5800 ஓடிய மாடலின் ஜி.ஈ.எச் பூஜ்யம். மிகச் சிறந்த மதிப்பெண்! களத்திலோ 400 வண்டி வரிசையில் நிற்கிறது. பாட்டில்நெக்கில் ஓட்டத்தை ஒப்பிட்டால் தப்பான மாடலும் தேறிவிடும். அதனால் ஓட்டத்தோடு நிறுத்தாமல் வரிசையைப் பாருங்கள்: எங்கே தொடங்குகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் பின்னால் போகிறது, எப்போது தீர்கிறது. நேரத்தை ஒரு பக்கமும் தூரத்தை ஒரு பக்கமும் வைத்து வேகத்தை வண்ணத்தில் காட்டும் படம் இரண்டை, களத்துக்கு ஒன்று மாடலுக்கு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். தேவை தப்பு என்றால் அந்தப் படத்தில் ஒளிய இடமே இருக்காது.

ஒரு லேன் கூட்டினால் தேவையும் மாறிவிடாதா?

மாறும். ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே இதை எழுதினார்: உச்ச நேர நெரிசல் கொள்ளளவு இருக்கும் மட்டும் ஏறி வரும். நெரிசலைத் தவிர்க்க முன்னதாகக் கிளம்பியவர்கள் பழைய நேரத்துக்குத் திரும்புவார்கள், தெருக்களில் போனவர்கள் ஃப்ரீவேக்கு வருவார்கள், ரயிலில் போனவர்கள் காரை எடுப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் செபுல்வெடா கணவாய் வழியாகப் போகும் ஐ-405-ல் 100 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து வடக்குத் திசையில் 10 மைல் கார்பூல் லேன் போட்டு 2014 மே மாதம் திறந்தார்கள். உச்ச நேர நெரிசல் தீரவில்லை.

சிமுலேஷன் செய்கிறவர் இந்த மாற்றத்தை முழுதாகக் கணிக்க முடியாது. அது பிராந்திய மாடலின் வேலை. ஆனால் ஒன்றைச் செய்யலாம், செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து: லேன் கூட்டிய மாடலை இன்றைய தேவை, 5 விழுக்காடு கூடிய தேவை, 10 விழுக்காடு கூடிய தேவை என்று மூன்று முறை ஓட்டி, மூன்று முடிவையும் அறிக்கையில் போடுவது. பலன் எந்த அளவில் கரைந்துபோகிறது என்று பணம் கொடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களின் வரிப்பணம் அது.

ஒரே ஒரு காலை மட்டும் களத்துக்குப் போக முடியும் என்றால் எங்கே நிற்பது?

பாட்டில்நெக்கில் நிற்க வேண்டாம். அங்கே நடப்பதை லூப் சொல்லிவிடும்.

முந்தைய நாள் வேகப் படத்தைப் பார்த்து வரிசையின் வால் எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டிகள் வரும் பக்கமாக அதற்கு ஒரு பாலம் முன்னால், ஃப்ரீவேயைத் தாண்டி நடந்து போகக்கூடிய மேம்பாலத்தில், விடியும் முன் போய் நில்லுங்கள். முதலில் எல்லா லேனிலும் வண்டிகள் சீறிக்கொண்டு போகும். பிறகு தூரத்தில் பிரேக் விளக்குகள் ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு உங்களை நோக்கி மெல்லப் பின்னால் நகர்ந்து வரும். ஒவ்வொரு கம்பத்தையும் அது தாண்டும் நேரத்தை எழுதுங்கள். எந்த லேனில் முதலில் வருகிறது என்று எழுதுங்கள். பக்கத்து ஏறு ராம்ப்பில் வரிசை தெருவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். கோடு உங்கள் காலடிக்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த பாலத்துக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் இனி இங்கே எண்ணுவது தேவை ஆகாது.